வருஷத்துக்கு ஒரு கிளப்: நாடு நாடாகப் பந்து ஆடுகிறவர்களின் பிழைப்பு

இந்தியன் சூப்பர் லீக் என்கிற ஐஎஸ்எல் கால்பந்து ஆட்டம் டிவியில் ஓடும்போது பாளையங்கோட்டைப் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பாருங்கள். கோல் அடிப்பதற்கென்றே முன்னால் நிற்கிற வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் ஒருவர் லேசான வாய்ப்பைக் கோட்டை விட்டால் போதும், யாராவது தீர்ப்பு எழுதிவிடுவார்: "இவன் போன வருஷம் கேரளாவுக்குல்லா ஆடுனான், அதுக்கு முந்தி கவுகாத்திக்கு. ஒரு எடத்துல நெலச்சு நிக்கத் தெரியாதவன்." பக்கத்தில் இருப்பவர் விடுவாரா? "கோடி கோடியா குடுத்து வாங்கிருக்கானுவோ அண்ணாச்சி, ஓட மாட்டேங்கானே" என்பார்.

இரண்டு பேரும் சொன்னது தவறு. முதலாமவர், கிளப் மாறுவதை ஆட்டக்காரரின் குணம் என்று நினைக்கிறார். இரண்டாமவர் ஐபிஎல் ஏலத்தை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார். வெளிநாட்டுக்குப் போய்ப் பந்து ஆடுகிறவர்களில் பெரும்பாலானவர்களை யாரும் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. அவர்களுடைய ஒப்பந்தம் முடிகிறது, அவ்வளவுதான். அது ஏன் அவ்வளவு சீக்கிரம் முடிகிறது, முடிந்தபின் என்ன நடக்கிறது, காசு யார் கைக்குப் போகிறது என்பதைப் பந்து விதிகளே தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்?

ஒரு கிளப்பில் ஒன்றிரண்டு சீசன் ஆடிவிட்டு அடுத்த கிளப், அடுத்த நாடு என்று போய்க்கொண்டே இருக்கிற தொழில்முறை ஆட்டக்காரரைப் பத்திரிகைகள் ஜர்னிமேன் என்று எழுதுகின்றன. நாமும் அந்தப் பெயரையே வைத்துக்கொள்வோம்.

டீக்கடையில் திட்டு வாங்கியவர் மாதிரியே ஒருவர் நிஜமாகவே இருந்தார். பார்த்தலோமியூ ஒக்பெச்சே, நைஜீரியாக்காரர். பாரிஸ் சான் ஜெர்மைன் கிளப்பில் தொடங்கியவர். 2002 உலகக் கோப்பையில் நைஜீரியாவுக்கு ஆடியபோது அவருக்கு 17 வயது. அதற்குப் பிறகு ஐக்கிய அரபு அமீரகத்தில் அல் ஜசீரா, ஸ்பெயினில் அலவேஸ், வயதோலித், காதிஸ், இங்கிலாந்தில் மிடில்ஸ்பரோ, கிரீஸில் கவாலா, ஹாலந்தில் காம்பூர், வில்லெம் என்று சுற்றிவிட்டு 2018-ல் இந்தியா வந்தார். இங்கே ஐந்து சீசனில் நாலு கிளப்: நார்த் ஈஸ்ட் யுனைடெட், கேரளா பிளாஸ்டர்ஸ், மும்பை சிட்டி, ஹைதராபாத். கவுகாத்தியும் கேரளாவும் இந்தப் பட்டியலில் இருக்கின்றன, பாருங்கள்.

அந்த ஐந்து சீசனில் அவர் ஐஎஸ்எல்லில் அடித்த கோல் 63. மும்பைக்கு ஆடிய வருஷம் மும்பை கோப்பை வென்றது. அடுத்த வருஷம் ஹைதராபாத் போனார், ஹைதராபாத் வென்றது, அந்த சீசனில் அதிக கோல் அடித்தவரும் அவர்தான். நிலைக்கத் தெரியாதவர் என்று இவரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலு கிளப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக, 33 வயதைத் தாண்டிய ஒருவரைத் தேடிவந்து வேலைக்கு எடுத்திருக்கின்றன என்றுதான் அந்தப் பட்டியலைப் படிக்க வேண்டும்.

கல்ஃப் விசாவை நினைத்துக்கொள்ளுங்கள்

நம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது ரொம்ப எளிது. கடையநல்லூரிலோ மேலப்பாளையத்திலோ கல்ஃபில் ஆள் இல்லாத தெரு கிடையாது. தம்மாமில் இரண்டு வருஷம், தோஹாவில் மூன்று வருஷம், அப்புறம் மஸ்கட் என்று போய்வந்த எலக்ட்ரீசியனை யாரும் ஓடுகாலி என்பதில்லை. அக்ரிமென்ட் முடிந்தது, கம்பெனிக்கு அடுத்த புராஜெக்ட் கிடைக்கவில்லை, ஃபைனல் எக்ஸிட்டில் ஊருக்கு வந்தார், வேறு விசா வந்தது, கிளம்பினார். ஜர்னிமேன் வாழ்க்கையும் ஏறக்குறைய இதுதான்.

இன்னும் கொஞ்சம் பொருத்திப் பார்க்கலாம். கல்ஃபில் ஒரு கஃபீலிடம், அதாவது விசா கொடுத்த முதலாளியிடம், அக்ரிமென்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது வேறு கம்பெனிக்கு மாற வேண்டுமென்றால், அவர் ரிலீஸ் கொடுக்க வேண்டும் என்பதுதான் நெடுங்காலம் நடைமுறை. கால்பந்தில் ரிலீஸ் இடத்தில் இருப்பது பதிவு. ஒரு ஆட்டக்காரர் ஒரு நேரத்தில் ஒரே கிளப்பின் பெயரில்தான் போட்டிகளில் ஆட முடியும். அதைக் காட்டுகிற கணக்குதான் பதிவு, அது அந்த நாட்டுக் கால்பந்துச் சங்கத்திடம் இருக்கும். நம் நாட்டில் அது அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பு. ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்வரை கிளப் அந்தப் பதிவை விட்டுக்கொடுக்க மறுக்கலாம், அல்லது விட்டுக்கொடுக்கப் பணம் கேட்கலாம்.

நாடு விட்டு நாடு போகும்போது இன்னொரு தாள் சேர்ந்துகொள்ளும். பழைய நாட்டுச் சங்கம் புதிய நாட்டுச் சங்கத்துக்கு, "இவர் எங்கள் கணக்கிலிருந்து நீங்கிவிட்டார்" என்று அனுப்புகிற சான்றிதழ். சர்வதேச மாற்றுச் சான்றிதழ் என்று பெயர். அது வரும்வரை புதிய ஊரில் பயிற்சி எடுக்கலாம், போட்டோவுக்கு ஜெர்சியோடு நிற்கலாம், போட்டியில் இறங்க முடியாது. 2010-லிருந்து இதெல்லாம் உலகக் கால்பந்தை நிர்வகிக்கிற பிஃபாவின் கணினி அமைப்பு வழியாகத்தான் நடக்க வேண்டும். இரண்டு கிளப்பும் தனித்தனியாக விவரம் ஏற்ற வேண்டும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். "புது பிளேயர் வந்து ரெண்டு வாரமாச்சு, ஏன் எறக்கல?" என்ற கேள்விக்கு அடிக்கடி பதில் இந்தத் தாள்தான்.

கல்ஃப் கணக்கு இதற்கு மேல் ஒத்துவராது. எலக்ட்ரீசியனுக்கு ரிலீஸ் வாங்க யாரும் கஃபீலுக்குக் கோடி ரூபாய் தரமாட்டார்கள். அவர் வேலைக்குச் சேர வருஷத்தில் இந்த மாதம்தான் என்ற கட்டுப்பாடும் கிடையாது. ஐம்பது வயதிலும் அவர் ஒயரிங் பார்க்கலாம்.

சுருக்கமாக: ஆட்டக்காரரிடம் ஒரு கிளப்புக்கு இருப்பது ஒப்பந்தமும் பதிவும். நாடு மாறினால் கூடவே ஒரு சான்றிதழ்.

காசு யாருக்குப் போகிறது?

பேப்பரில் "இத்தனை கோடிக்கு வாங்கினார்கள்" என்று வருவது டிரான்ஸ்ஃபர் கட்டணம். ஒப்பந்தம் முடியும் முன்பே ஒருவரை விட்டுக்கொடுக்கிற பழைய கிளப்புக்குப் புதிய கிளப் தருகிற ஈட்டுத்தொகை அது. ஆட்டக்காரரின் சம்பளம் அதில் சேராது. அவருக்குப் புதிய கிளப் தனியாக ஒப்பந்தம் போட வேண்டும். ஆக, ஒரு கோடிக்கு ‘வாங்கப்பட்டவர்’ கையில் அந்த ஒரு கோடி போவதில்லை.

ஜர்னிமேன் விஷயத்தில் பெரும்பாலும் இந்தக் கட்டணமே இருக்காது. ஒப்பந்தம் முடிந்துவிட்டால் அவர் சுதந்திர ஆட்டக்காரர். பேப்பரில் ஃப்ரீ ஏஜென்ட் என்று போடுவார்கள். யாருக்கும் எதுவும் தராமல் எந்தக் கிளப்பும் அவரை எடுத்துக்கொள்ளலாம். பிஃபா விதிப்படி ஒப்பந்தத்தில் கடைசி ஆறு மாதம் இருக்கும்போதே அடுத்த கிளப்போடு கையெழுத்து போடலாம். போவது மட்டும் காலம் முடிந்த பிறகு.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. ஜான்-மார்க் போஸ்மான் என்று பெல்ஜியத்தில் ஒரு நடுத்தர ஆட்டக்காரர். 1990-ல் லியேஜ் கிளப்போடு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. பிரான்சில் டன்கிர்க் கிளப் அவரைக் கூப்பிட்டது. ஒப்பந்தம் முடிந்திருந்தும் லியேஜ் கட்டணம் கேட்டது, கிடைக்காததால் விடவில்லை. சம்பளத்தையும் கால் பங்காகக் குறைக்கப் பார்த்தது. அவர் வழக்குப் போட்டார். ஐந்து வருஷம் இழுத்து, 1995 டிசம்பர் 15-ந் தேதி ஐரோப்பிய நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்தவரைத் தடுக்கக் கிளப்புக்கு உரிமையில்லை என்று சொன்னது. ஐரோப்பிய ஒன்றிய நாட்டவரை ‘வெளிநாட்டவர்’ என்று எண்ணி அணியில் இத்தனை பேர்தான் என்று வைத்திருந்த வரம்பும் அன்றோடு போனது. கத்தாரில் வேலை மாற முதலாளியின் தடையில்லாச் சான்று வேண்டாம் என்று சட்டம் வந்தது 2020-ல். பந்துக்காரர்களுக்கு அந்த மாதிரி கதவு கால் நூற்றாண்டு முன்பே திறந்துவிட்டது. ஆனால் வழக்குப் போட்ட போஸ்மானின் ஆட்ட வாழ்க்கை அந்த ஐந்து வருஷத்திலேயே கரைந்துபோயிற்று.

இன்றைய ஜர்னிமேன் போஸ்மான் தீர்ப்பின் பிள்ளை என்றே சொல்லலாம். கட்டணம் இல்லாமல் போகலாம் என்பதால்தான் சின்னக் கிளப்புகள் அவரை எடுக்கின்றன. அதே காரணத்தால்தான் அவரை லேசாக விட்டும்விடுகின்றன.

ஏன் ஒரே ஒரு வருஷம்?

பிஃபா விதியில் ஒப்பந்தத்தின் குறைந்தபட்சக் காலம் அந்த சீசன் முடியும்வரை. அதிகபட்சம் ஐந்து வருஷம். உச்ச நட்சத்திரங்களுக்கு நாலைந்து வருஷம் கிடைக்கும். ஜர்னிமேனுக்குக் கிடைப்பது அந்த வரம்பின் கீழ்முனை: ஒரு சீசன், மிஞ்சினால் இரண்டு.

முதல் காரணம் வெளிநாட்டவர் ஒதுக்கீடு. அதாவது ஒரு அணி இத்தனை வெளிநாட்டுக்காரரைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பு. ஐஎஸ்எல்லில் 2021-22 சீசனில் அணிக்கு ஆறு பேர், களத்தில் ஒரே நேரத்தில் நாலு பேர் என்று வைத்தார்கள். ஆசியாவின் பல லீக்குகளில் இப்படி ஏதோ ஒரு வரம்பு உண்டு. கிளப் பக்கம் இருந்து யோசியுங்கள். உள்ளூர்ப் பையன் ஒருவன் ஐந்து ஆட்டம் சொதப்பினால் உட்கார வைக்கலாம், இன்னொருவனை இறக்கலாம். வெளிநாட்டுக்காரர் சொதப்பினால், நாலே நாலு இடத்தில் ஒன்றை அவர் அடைத்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் அந்த இடங்கள் பெரும்பாலும் ஸ்ட்ரைக்கருக்கும் நடுத்தடுப்பாளருக்கும் போகின்றன. ஆட்டத்தின் முடிவை நேராகத் தொடுகிற இடங்கள் அவை. ஸ்ட்ரைக்கருக்குப் பழகிக்கொள்ள அவகாசம் என்று ஒன்று கிடையாது. விமானம் விட்டு இறங்கிய மாதமே கோல் வர வேண்டும். தசை பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் படுத்தால், ஜனவரியில் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார்.

இரண்டாவது காரணம் கோச். வெளிநாட்டு ஆட்டக்காரரைப் பெரும்பாலும் கோச்தான் தெரிந்து கூட்டி வருகிறார். கோச்சை நீக்கினால் அவர் கூட்டி வந்தவர்களுக்கும் மறுவருஷம் டிக்கெட் இல்லை. வயது மூன்றாவது. இதில் விளக்க ஒன்றுமில்லை, முப்பதைத் தாண்டியவருக்கு மூன்று வருஷ ஒப்பந்தம் தர எந்த முதலாளியும் யோசிப்பார்.

இனி ஒப்பந்தத் தாளைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மாதச் சம்பளம், எந்த நாணயத்தில், வரிக்கு முன்னாலா பின்னாலா. இந்தக் கடைசி விஷயத்தைக் கேட்காமல் கையெழுத்து போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உண்டு. அடுத்து இறங்கி ஆடினால் இவ்வளவு, கோலுக்கு இவ்வளவு, ஜெயித்தால் இவ்வளவு என்று போனஸ். வீடு, ஊருக்குப் போய்வர விமான டிக்கெட். அடிபட்டால் வைத்தியம் யார் செலவு. கடைசிப் பக்கத்தில் சில சமயம் ஒரு வரி ஒளிந்திருக்கும்: சீசனில் இத்தனை ஆட்டம் ஆடிவிட்டால் ஒப்பந்தம் தானாக இன்னொரு வருஷம் நீளும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிளப்புக்கு நீட்டிக்க மனமில்லை என்றால், அந்த எண்ணிக்கைக்கு ஓர் ஆட்டம் முன்னால் அவர் பெஞ்சுக்குப் போய்விடுவார். நன்றாக ஆடிக்கொண்டிருந்தவரை மார்ச் மாதம் திடீரென்று காணோம் என்றால் காரணம் இந்த வரியாகவும் இருக்கலாம்.

நன்றாக ஆடினாலும் கிளம்பத்தான் வேண்டும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. சென்னை சிட்டி எஃப்.சி. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தை வீடாக வைத்து ஆடி, ஐஎஸ்எல் போலவே இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கின் 2018-19 பட்டத்தை வென்றது. அந்த அணியின் முன்வரிசையில் இருந்தவர் பெட்ரோ மான்சி. ஸ்பெயினில் கீழ்மட்ட டிவிஷன்களில் ஆடிக்கொண்டிருந்தவர், இங்கே ஒரே சீசனில் 21 கோல் அடித்தார். 2020-ல் அவர் ஜப்பானின் இரண்டாம் டிவிஷனுக்கு, அல்பிரெக்ஸ் நிகாட்டா கிளப்புக்குப் போனார். ஸ்பெயினின் கீழ்மட்டத்திலிருந்து ஜப்பானுக்கு நேராக டிக்கெட் கிடைப்பது கஷ்டம். நடுவில் கோயம்புத்தூர் படிக்கட்டாக இருந்தது. நம் லீக்கை ‘ஓய்வூதிய லீக்’ என்று கிண்டல் செய்கிறவர்கள் இந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

கதவு திறந்திருக்கும் மாதங்கள்

ஆட்டக்காரரைப் பதிவு செய்ய ஒவ்வொரு நாட்டிலும் வருஷத்துக்கு இரண்டு காலகட்டம் உண்டு. பேப்பரில் டிரான்ஸ்ஃபர் விண்டோ என்று வருவது இதுதான். ஐரோப்பாவில் பொதுவாகக் கோடையில் ஒன்று, ஜனவரியில் ஒன்று. எல்லா நாட்டிலும் ஒரே மாதத்தில் திறப்பதில்லை, அதில்தான் ஜர்னிமேனின் சாமர்த்தியம் இருக்கிறது. நார்வே, ஸ்வீடன் மாதிரி குளிர் நாடுகளில் வசந்தத்தில் தொடங்கி நவம்பர் வாக்கில் சீசன் முடியும். அங்கே ஆடி முடித்தவர் ஜனவரியில் ஆசியாவுக்கு வரலாம். மே மாதம் இங்கே முடிந்தவர் கோடையில் கிரீஸுக்குப் போகலாம். ஒப்பந்தம் ஏற்கெனவே முடிந்தவரைக் கதவு மூடிய பிறகும் சில நிபந்தனையோடு சேர்த்துக்கொள்ளலாம் என்பதால், காயம் பட்டவருக்குப் பதில் ஆள் தேடுகிற கிளப்புகள் இவர்களைத்தான் முதலில் கூப்பிடும்.

இதற்கும் ஒரு அணை உண்டு. ஒரு சீசனில் அதிகபட்சம் மூன்று கிளப்பில் பதியலாம், போட்டியில் இறங்குவது பொதுவாக இரண்டுக்கு மட்டுமே.

லோன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தம் பழைய கிளப்போடு இருக்கும்போதே, குறிப்பிட்ட காலத்துக்கு வேறு கிளப்புக்குப் பதிவை மாற்றிக் கொடுப்பது லோன். உருகுவேயின் செபாஸ்தியான் அப்ரேயு 1998-ல் ஸ்பெயினின் தெபோர்த்திவோ கிளப்பில் சேர்ந்தார். அடுத்து வந்த வருஷங்களில் அந்தக் கிளப் அவரைப் பிரேசிலின் கிரேமியோ, அர்ஜென்டினாவின் சான் லொரென்சோ, மெக்சிகோவின் குரூஸ் அசுல் என்று லோனிலேயே சுற்ற விட்டது. 2017-ல் சிலியில் ஆவ்டாக்ஸ் இத்தாலியானோவில் சேர்ந்தபோது அது அவருடைய 26-வது கிளப். அதிக கிளப்புகளுக்கு ஆடியவர் என்று கின்னஸ் பதிந்தது. அப்படியும் நிற்காமல் முப்பதைத் தாண்டிப் போனார். இதே மனிதர்தான் 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில் கானாவுக்கு எதிரான கடைசி பெனால்டியை, கீப்பர் பாய்ந்த பிறகு மெதுவாக நடுவில் தூக்கிப் போட்டு உருகுவேயை அரையிறுதிக்கு அனுப்பினார். தேறாதவர் செய்கிற வேலையா அது?

இதுவரை: ஒதுக்கீடும் கோச்சும் வயதும் ஒப்பந்தத்தைச் சுருக்குகின்றன. நாடுகளின் காலண்டர் வித்தியாசம் அடுத்த வேலைக்கு வழி விடுகிறது.

சம்பளம் வராவிட்டால்

கோடியில் புரளுகிறார்கள் என்ற பேச்சுக்கு வருவோம். ஆட்டக்காரர்களின் உலகத் தொழிற்சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016-ல் 54 நாடுகளில் ஏறக்குறைய 14,000 பேரைக் கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் 45 சதவீதம் பேரின் மாத வருமானம் ஆயிரம் டாலருக்கும் கீழே. 41 சதவீதம் பேர் சம்பளம் தாமதமாக வந்த அனுபவம் உள்ளவர்கள். அவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

வெளியூரில் இருப்பவருக்கு இது இன்னும் கஷ்டம். மொழி தெரியாது, வீடு கிளப் கொடுத்தது, விசா கிளப் பெயரில். இங்கேயும் நடந்திருக்கிறது. 2023-24 சீசனில் ஹைதராபாத் எஃப்.சி. சம்பளம் தர முடியாமல் தடுமாறியபோது வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் நடு சீசனிலேயே கிளம்பிப் போனார்கள். இரண்டு வருஷம் முன்னால் கோப்பை வென்ற கிளப் அது. 2025 ஜூலையில் லீக்கை நடத்தும் உரிமை ஒப்பந்தம் முடியப்போகிற சிக்கலில் ஐஎஸ்எல் சீசனே நிறுத்தி வைக்கப்பட்டது. ஒரு வருஷ ஒப்பந்தத்தில் பிழைப்பவருக்கு இது என்ன மாதிரி செய்தி என்று யோசித்துப் பாருங்கள்.

பாதுகாப்பு இல்லாமல் இல்லை. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி ஆனால், எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து 15 நாள் பொறுத்து, அப்போதும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம் என்று பிஃபா 2018-ல் விதியில் சேர்த்தது. நியாயமான காரணத்தோடு முறித்ததாக அது கருதப்படும். பாக்கிக்கும் நஷ்ட ஈட்டுக்கும் பிஃபாவின் தகராறு தீர்க்கும் மன்றத்துக்குப் போகலாம். அங்கே தீர்ப்பான பிறகும் கிளப் தராவிட்டால், புது ஆட்டக்காரரைப் பதிய அந்தக் கிளப்புக்குத் தடை வரும். கிளப்புகளை நிஜமாகவே உறுத்துவது இந்தத் தடைதான். அபராதத்தை இழுத்தடிக்கலாம், ஆளில்லாமல் சீசன் ஆட முடியாது. ஆனாலும் தீர்ப்பு வர மாதங்கள் ஆகும். வீட்டு வாடகை அதுவரை காத்திருக்காது. அதனால் பலரும் பாக்கியில் பாதியை விட்டுக்கொடுத்து, "இனி உரிமை கோரமாட்டேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறார்கள்.

ஆறு கண்டம் பார்த்த கோல்கீப்பர்

இந்த வாழ்க்கையின் முழு நீளத்தையும் ஒரே ஆளிடம் பார்க்க வேண்டுமென்றால் லுட்ஸ் ஃபானன்ஸ்டீல். ஜெர்மனிக்காரர், கோல்கீப்பர். உள்ளூரில் பெரிய கிளப்பின் இரண்டாம் அணியில் காத்துக் கிடப்பதற்குப் பதிலாக மலேசியாவில் பினாங்குக்குப் போனார். அங்கிருந்து இங்கிலாந்து, சிங்கப்பூர், நியூசிலாந்து, நார்வே, கனடா, அல்பேனியா, ஆர்மீனியா. 2008-ல் பிரேசிலில் ஆடியபோது, பிஃபாவின் ஆறு கண்டக் கூட்டமைப்புகளிலும் தொழில்முறையாக ஆடிய முதல் ஆளானார். கடைசியில் நமீபியா.

வரைபடத்தில் பார்த்தால் உல்லாசப் பயணம் மாதிரி தெரியும். நடுவில் சிங்கப்பூரில் ஆட்டத்தை விற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு 101 நாள் சிறையில் இருந்தார். தான் குற்றமற்றவன் என்றுதான் அவர் இன்றுவரை சொல்கிறார். 2002 டிசம்பரில் இங்கிலாந்தில் ஒரு கீழ்மட்ட ஆட்டத்தில் மார்பில் அடிபட்டு மூச்சு நின்று, மைதானத்திலேயே உயிர்ப்பிக்க வேண்டி வந்தது. ஆடி முடித்த பிறகு ஜெர்மனியின் ஹோஃபென்ஹைம் கிளப்புக்கு ஆள் தேடுகிறவராகவும், அப்புறம் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் கிளப்பின் விளையாட்டு இயக்குநராகவும் போனார். எந்த நாட்டில் யாரைக் கேட்டால் உண்மை கிடைக்கும் என்று தெரிந்தவருக்கு அந்த வேலை கிடைத்ததில் ஆச்சரியமில்லை.

நம்மூர்ப் பையன் போக வேண்டுமென்றால்

எதிர்த்திசையில், இந்தியாவிலிருந்து வெளியே ஆடப் போனவர்கள் மிகக் குறைவு. திறமை ஒரு காரணம், பாஸ்போர்ட் இன்னொன்று. 2009-ல் சுனில் சேத்ரியை லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் எடுத்தது. இந்தியா பிஃபா தரவரிசையில் முதல் 70-க்குள் இல்லை என்பதால் பிரிட்டன் வேலை அனுமதி தரவில்லை. கையெழுத்து போட்ட ஒப்பந்தம் அப்படியே போயிற்று. கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து 2014-ல் நார்வேயின் ஸ்டாபெக் கிளப்புக்குப் போனார், 2016-ல் ஐரோப்பியக் கிளப்புகளுக்கான யூரோப்பா லீக் ஆட்டத்தில் இறங்கிய முதல் இந்தியரானார், 2017-ல் பெங்களூரு திரும்பினார். பாலா தேவி 2020-ல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் மகளிர் அணியில் சேர்ந்தார்.

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி பக்கம் பையனுக்குக் கால் நன்றாக இருக்கிறது என்றதும் வீட்டுக்கு வந்து பேசுகிறவர்கள் உண்டு. "ஸ்பெயின்ல டிரையல் இருக்கு, நாலு லட்சம் கட்டுங்க" என்பார்கள். இரண்டு விஷயம் தெரிந்தால் பாதி ஏமாற்று அங்கேயே நின்றுவிடும். ஒன்று, 18 வயதுக்குக் கீழ் உள்ளவரை நாடு விட்டு நாடு பதிவு செய்வதைப் பிஃபா தடை செய்திருக்கிறது. பெற்றோர் வேறு வேலையாகக் குடிபெயர்வது மாதிரி சில விலக்கு மட்டுமே. பதினைந்து வயதுப் பையனை ஐரோப்பியக் கிளப்பில் சேர்க்கிறேன் என்பவர் இந்த விதியைத் தெரியாதவராக இருக்க வேண்டும், அல்லது நமக்குத் தெரியாது என்று நினைப்பவராக இருக்க வேண்டும். இரண்டு, ஏஜெண்டுக்குப் பிஃபா உரிமம் வேண்டும். 2015-ல் கைவிட்ட உரிம முறையைப் பரீட்சையோடு 2023-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். உரிமம் உள்ளவர்கள் பட்டியல் பிஃபா இணையதளத்தில் இருக்கிறது, பெயரைத் தேடிப் பார்க்கலாம். நியாயமான ஏஜெண்டின் கூலி ஒப்பந்தம் ஆன பிறகு, அதில் ஒரு சதவீதம். டிரையலுக்கு முன்பணம் கேட்கிறவரிடம் டீ மட்டும் கொடுத்து அனுப்பிவிடலாம்.

செங்கோட்டை தாண்டிக் கேரளாவுக்குப் போனால் மலப்புறம் பக்கம் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பந்தயங்களில் ஆப்பிரிக்க ஆட்டக்காரர்களைப் பார்க்கலாம். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. கூட்டம் அலைமோதும், ஆட்டமும் பிரமாதமாக இருக்கும். ஆனால் செவன்ஸ் அதிகாரபூர்வக் கால்பந்து அமைப்புக்குள் வராது. ஆகவே பதிவு இல்லை, மாற்றுச் சான்றிதழ் இல்லை, பாக்கி வைத்தால் போய் நிற்கத் தகராறு மன்றமும் இல்லை. முழங்கால் போனால் அவரும் அவரைக் கூட்டி வந்தவரும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜர்னிமேன் உலகத்தின் கடைசிப் படி இது, நமக்கு மிகப் பக்கத்தில் இருப்பதும் இதுதான்.

பையனை வளர்த்துவிட்ட உள்ளூர்க் கிளப்புக்கு இதில் ஒரு பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கட்டணம் கொடுத்து ஒருவரை நாடு விட்டு நாடு எடுக்கும்போது, அந்தக் கட்டணத்தில் 5 சதவீதம் அவருடைய 12 வயது முதல் 23 வயது வரை பயிற்சி கொடுத்த கிளப்புகளுக்குப் பிரியும். ஒற்றுமைப் பங்கு என்று சொல்லலாம். கட்டணம் ஒரு கோடி என்றால் பங்கு 5 லட்சம். 12 முதல் 15 வரை ஒவ்வொரு வயதுக்கும் 25,000; 16 முதல் 23 வரை ஒவ்வொரு வயதுக்கும் 50,000. பாளையங்கோட்டையில் ஒரு கிளப் ஒரு பையனை 12-லிருந்து 15 வயது வரை வைத்திருந்தால் ஒரு லட்சம் வரும். ஊரில் ஒரு வருஷத்துக்குப் பந்தும் வலையும் பூட்ஸும் வாங்கப் போதுமான காசு.

ஆனால் அந்த வருஷங்களில் பையன் அந்தக் கிளப்பின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். கூட்டமைப்பின் கணினிப் பதிவில் பெயர் ஏறியிருந்தால்தான் பிஃபா அந்த வருஷங்களை எண்ணும். மைதானத்தில் காலை ஆறு மணிக்கு விசிலோடு நிற்கிற கோச்சுகள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் பலருடைய கிளப் மாவட்டச் சங்கத்திலேயே சேர்ந்திருக்காது. பையன்களின் பெயர் ஒரு நோட்டில் மட்டும் இருக்கும். சீசன் தொடங்கும் முன் சங்கத்தில் கிளப்பைச் சேர்த்து, பிறப்புச் சான்றிதழை வைத்து ஒவ்வொரு பையனையும் பதிய ஒரு நாள் ஒதுக்கினால் போதும்.